பயணத்துக்கு ஒரே கேமரா – கடிதம்

அன்புள்ள சார்,

குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அரையாண்டு விடுமுறையில் நானும் தங்கையும் கர்நாடகத்தில் பாதாமி, ஐஹொளே, பட்டடக்கல், அப்படியே ஹம்பி என்று எட்டு நாள் போகிறோம். பஸ்ஸும் ரயிலும்தான். என்னிடம் பத்து வருடப் பழைய டிஎஸ்எல்ஆரும் இரண்டு ஜூம் லென்ஸ்களும் இருக்கின்றன. அவற்றைக் கொடுத்துவிட்டுச் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா ஒன்றைச் சின்னதாக வாங்கி, இனி அதையே முதல் கேமராவாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசனை. ஸ்டுடியோ வைத்திருக்கும் உறவினர், “சின்னதெல்லாம் ரெண்டாவது கேமராவுக்குத்தான் ஆகும், வாங்கறதுன்னா ஃபுல் ஃபிரேமா வாங்கு” என்கிறார். சின்ன சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள சோனி ஏ6700, பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் ஏ7சி 2 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். கோயில், சிற்பம், தெருவில் மனிதர்கள், இவ்வளவுதான் எடுப்பேன். என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம்), குடியாத்தம்

அன்புள்ள டீச்சர்,

தாராளமாகச் சின்னதையே, ஏ6700-ஐயே வாங்குங்கள். உங்கள் உறவினர் சொல்வது அவர் தொழிலுக்குச் சரி. ரிசப்ஷன் மேடைக்கு எதிரே நின்று ராத்திரி பதினொரு மணி வரை எடுப்பவருக்குப் பெரிய கேமரா வேண்டும். பையைச் சுமக்க உதவிக்கு ஒரு பையனும் இருப்பான். நீங்கள் பஸ் மாறி மாறிப் போகிறவர்.

என் கதையைச் சொல்கிறேன். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைச் சொல்வார்கள், தெரியும்தானே. 2021 நவம்பரில் அந்த ஆற்றில் கரை கொள்ளாமல் தண்ணீர் வந்தது. காய்கறி வாங்கப் போன நான் ஸ்கூட்டரைப் பாலாற்றுப் பாலம் பக்கம் திருப்பினேன். ஊரே அங்கே நின்றது. ஒரு பாட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்த மஞ்சளையும் கொஞ்சம் சாமந்தியையும் எடுத்து, கைப்பிடிச் சுவருக்கு மேலே எட்டித் தண்ணீரில் போட்டுவிட்டுக் கும்பிட்டார். போட்ட பூ எங்கே போகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் கேமரா அப்போது வீட்டு அலமாரியில். லென்ஸோடு ஒன்றரைக் கிலோ. காய்கறிக் கடைக்கு அதை யார் தூக்கிப் போவார்கள்? மொபைலில் எடுத்தேன். சாயங்கால வெளிச்சத்தில் அது பாட்டியின் முகச் சுருக்கங்களையெல்லாம் மெழுகிவிட்டது. அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை. அடுத்த மாதமே பானசோனிக் ஜிஎக்ஸ்85 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பேட்டரியோடு 426 கிராம். 120 கிராமில் ஒலிம்பஸ் 17 எம்எம் லென்ஸ். இன்றைக்கு வரை அதுதான் என் முதல் கேமரா, பெரியது விற்றாகிவிட்டது.

இப்போது உங்கள் இரண்டுக்கும் வருவோம். ஏ6700 எடை 493 கிராம், ஏ7சி 2 எடை 514. வெறும் 21 கிராம் வித்தியாசத்தில் ஃபுல் ஃபிரேமே கிடைக்கிறதே என்று கடையில் தோன்றும். லென்ஸை மாட்டிப் பாருங்கள். சிக்மாவின் எஃப் 2.8 ஜூமில் ஏபிஎஸ்-சிக்கான (ஏ6700-இல் உள்ள சின்ன சென்சார் அளவு) 18-50 எடை 290 கிராம், ஃபுல் ஃபிரேமுக்கான 28-70 எடை 470. கோபுரத்து மேல்நிலைப் பொம்மைகளுக்கு நீள லென்ஸ் ஒன்று வேண்டும் இல்லையா? சோனியின் 55-210 எடை 345 கிராம். அதே தூரத்தை ஃபுல் ஃபிரேமில் எட்ட 70-300 போட்டால் 854. கூட்டினால் ஒரு பக்கம் ஏறக்குறைய 1,130 கிராம், இன்னொரு பக்கம் ஏறக்குறைய 1,840. தோளில் கிட்டத்தட்ட முக்கால் கிலோ கூடுதல். சாயங்காலம் நாலு மணிக்கு, இன்னும் ஒரு கோயில் பார்க்கலாமா, ரூமுக்குப் போகலாமா என்பதை அந்த முக்கால் கிலோதான் முடிவு செய்யும்.

சரி, இருட்டில் சின்ன சென்சார் தாங்குமா என்ற கேள்வி இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு ஏபிஎஸ்-சியைவிட இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். அதனால் ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) சற்றுக் கூடுதலாக லாபம் உண்டு. அது உண்மையான லாபம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எடுக்கப்போவது கல். கல் அசையாது. நம் வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம் இருக்கிறதே, அங்கே உள்வரிசைத் தூண்களில் பகலிலேயே வெளிச்சம் கம்மி. பெரிய கேமராவில் கை நடுக்கத்துக்குப் பயந்து 1/60 நொடி வைப்பேன், ஐஎஸ்ஓ (இது ஏற ஏறப் படத்தில் புள்ளி தட்டும்) 3200-க்குப் போகும். ஜிஎக்ஸ்85-இல் சென்சாரே அசைந்து கை நடுக்கத்தைச் சரிசெய்கிறது. தூணில் தோளைச் சாய்த்து, மூச்சை அடக்கி, 1/8 நொடியில் எடுக்கிறேன், ஐஎஸ்ஓ 400 போதும். மூன்று ஸ்டாப். சென்சார் சின்னதானதில் போனது கைக்கு வந்துவிட்டது. தூணில் செதுக்கிய பாயும் குதிரையின் கடிவாளத்தில் உளி போட்ட கோடு வரைக்கும் தெரிகிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் முக்காலி வைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பதால், பாதாமி குகைக்குள்ளும் உங்களுக்கு இந்த வழிதான். ஏ6700-இல் இந்த வசதி இருக்கிறது.

மனிதர்கள் விஷயம் வேறு. நடக்கிற ஆளை 1/8-இல் எடுத்தால் கேமரா அசையாவிட்டாலும் ஆள் கலங்கிப்போவார். அதற்கு வெளிச்சம் அதிகம் வாங்கும் லென்ஸ் வேண்டும். சோனியின் 35 எம்எம் எஃப் 1.8 ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், 154 கிராம்தான். பாடியில் மிச்சம் பிடிக்கும் பணத்தை இதில் போடுவதுதான் என் கட்சி. ஹம்பி கடைத்தெருவில் விளக்கு வைக்கும் நேரத்தில் இதை மட்டும் மாட்டிக்கொண்டு நடங்கள்.

பணம் இடித்து இன்னும் மலிவாகப் பார்க்க நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இல்லாத மாடல் வேண்டாம். சோனியிலேயே இசட்வி-இ10-இல் அது கிடையாது. நம் ஊர் வெயிலில் பின்பக்கத் திரையில் நம் முகம்தான் தெரியும். கேனான் ஆர்50-இல் வியூஃபைண்டர் உண்டு, சென்சார் நடுக்கக் கட்டுப்பாடு இல்லை. உங்கள் வேலைக்கு இரண்டும் வேண்டும்.

அப்புறம், டிஎஸ்எல்ஆர் பழக்கத்தில் லென்ஸைக் கழற்றிக் கேமராவை வானம் பார்க்கப் பிடிக்காதீர்கள். அதில் சென்சாருக்கு முன்னால் கண்ணாடி இருந்தது. இதில் சென்சார் திறந்தே கிடக்கும். காற்றுக்கு முதுகைக் காட்டி, வாய் கீழே பார்க்க வைத்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் வானத்தில் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்புப் புள்ளி நிற்கும். திரை எப்போதும் எரிவதால் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். கூடுதலாக ஒன்று கையில் இருக்கட்டும்.

இவ்வளவு சொல்லியும் மனசு ஃபுல் ஃபிரேம் பக்கமே போனால், கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வள்ளிமலைக்கு வாருங்கள். தோள்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டு படியேறுங்கள். தண்ணீரைக் குடிக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு ஒரு லிட்டர் பாட்டிலோடு ஏறுங்கள். இரண்டு தடவையும் மேலே போய் உட்கார்ந்த பிறகு, சமணர் சிற்பங்கள் இருக்கும் குகைவரைக்கும் இன்னும் கொஞ்சம் நடக்கத் தோன்றியதா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்