சோலைவரிக்குப் பயந்து எல்லை மாற்றலாமா?

உள்ளூராட்சி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பகுதி யாழ் மாநகரசபைக்குள் இருக்கிறது. பக்கத்து நல்லூர் பிரதேசசபையோடு சேர்ந்துவிடலாம் என்று சனசமூக நிலையத்தில் ஒரு சாரார் நிற்கிறார்கள். வீடு வீடாக வாக்கெடுத்துப் பெரும்பான்மையைக் காட்டினால் விடுவார்களா? (வாசகர், கந்தர்மடம்)

வாக்கெடுப்பு உங்கள் வாதத்துக்குப் பலம் சேர்க்கும். சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஓர் ஊர் மட்டும் வாக்களித்துத் தன் சபையை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இலங்கையில் கிடையாது.

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் உள்ளூராட்சி சபைகளின் மேற்பார்வையை மாகாணத்திடம் கொடுத்தது. சபைகளின் அமைப்பும் வடிவமும் நாடாளுமன்றச் சட்டத்தின் கையில்தான் இருக்கின்றன. அதனால் எல்லை மாறுவது உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சரின் வர்த்தமானி அறிவித்தலால். மனுவை அமைச்சருக்கு எழுதி, ஆளுநருக்கும் மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கும் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதி அனுப்புங்கள்.

கையெழுத்துகளை விட மனுவோடு போகும் வரைபடம் முக்கியம். எந்த ஒழுங்கையோடு எல்லை தொடங்குகிறது, எந்த வாய்க்காலோடு முடிகிறது, எந்தெந்தக் கிராம அலுவலர் பிரிவு முழுதாகவும் எது பாதியாகவும் வருகிறது என்பதெல்லாம் அதில் தெரிய வேண்டும். ‘கந்தர்மடம் முழுவதும்’ என்று மட்டும் எழுதினால் எல்லையோரத்து வீடுகளே முதலில் எதிர்ப்பு மனு கொடுக்கும். சேரப்போகும் சபையின் தீர்மானமும் கையில் இருக்கட்டும். வேண்டாத விருந்தாளியாகப் போய் நிற்கக்கூடாது.

காலமும் பார்க்க வேண்டும். 2025 மே 6 இல் தெரிவான சபைகளுக்கு நான்கு ஆண்டுப் பதவிக்காலம். இடையில் எல்லையை வெட்டினால் உறுப்பினர் கணக்கு குழம்பும். யாழ் மாநகரசபையில் 27 வட்டாரங்கள். வட்டாரத்தில் நேரடியாகத் தெரிவாவோர் 60 வீதம், கட்சிப் பட்டியலில் வருவோர் 40 வீதம் என்ற கணக்கில் மொத்தம் 45 உறுப்பினர்கள். இரண்டு வட்டாரம் போனால் 25 மிஞ்சும், மொத்தம் 42 அளவுக்கு இறங்கும். போய்ச் சேரும் சபையிலும் வட்டாரங்களைத் திரும்பக் கீற வேண்டிவரும்.

கேள்வி: பிரதேசசபைக்குப் போனால் சோலைவரி இல்லையாமே? (வாசகி, வண்ணார்பண்ணை)

சோலைவரி என்பது வீடு, காணிகளுக்குச் சபை அறவிடும் ஆதனவரி. இந்தப் பேச்சு எல்லா ஊர்க் கூட்டங்களிலும் அடிபடுகிறது. பாதிதான் உண்மை. கட்டடங்கள் செறிந்த பகுதியென அறிவித்த இடங்களில் பிரதேசசபையும் வருடாந்தப் பெறுமதியில் (ஆண்டுக்கு என்ன வாடகை பெறும் என்ற மதிப்பீடு) ஆதனவரி அறவிடலாம். அதற்கு வெளியே பயிர்செய்யும் காணிக்கு ஏக்கர் வரி உண்டு. நகரை ஒட்டிய, வீடு நெருங்கிய உங்கள் இடம் எந்த வகையில் விழும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

ஒரு கற்பனைக் கணக்கு. வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபா, வரி 8 வீதம் என்றால் ஆண்டுக்கு 4,800 ரூபா. சபை மாறி 6 வீதமானால் 3,600. மிச்சம் மாதத்துக்கு 100 ரூபா. எல்லையை அசைக்காமலே, முழு ஆண்டு வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவில் 480 ரூபா மிஞ்சும். காலாண்டுக்குக் கட்டுபவர் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 வீதம்.

பெறுமதியே கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள் என்றால், அறிவித்தலில் குறித்த திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுங்கள். அந்தத் திகதியைக் கோட்டைவிட்டுவிட்டு ஊரையே பெயர்க்க நிற்பவர்கள்தான் அதிகம். பழைய நிலுவையும் காணியோடு ஒட்டியது. எல்லை மாறினால் அழிந்துவிடும் என்று இருக்க வேண்டாம்.

கேள்வி: விதானையார் பிரிவு, காணி உறுதி எல்லாம் மாறுமா?

மாறாது. கிராம அலுவலர் பிரிவும் பிரதேச செயலகமும் வேறு நிர்வாகம். மாநகர எல்லை இப்போதே யாழ்ப்பாணம், நல்லூர் என இரண்டு பிரதேச செயலகங்களுக்குள் கிடக்கிறது. நல்லூர்க் கந்தன் இருப்பது மாநகர எல்லைக்குள், நல்லூர் பிரதேசசபைக்குள் அல்ல. பெயரைக் கொண்டு எல்லையைப் பிடிக்க முடியாது. கட்டட அனுமதியும் வீதிக்கோட்டுச் சான்றிதழும் (காணி வீதி அகலிப்புக்குள் வருகிறதா என்று காட்டுவது) புதிய சபையிடம் போகும். வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருப்பவர்கள் அந்த இடைக்காலத்தில் அலைய நேரும்.

கேள்வி: பிரிந்த பிறகு எதில்தான் சிக்கல் வரும்?

குப்பையிலும் வெள்ளத்திலும். மாநகரசபைக்கே குப்பை கொட்டும் இடம் எல்லைக்கு வெளியே, கல்லுண்டாயில். உங்கள் ஊர் பிரிந்தால் வண்டி, உழவு இயந்திரம், கொட்டுமிடம் என எல்லாவற்றையும் சேரும் சபை தன் கணக்கில் பார்க்க வேண்டும். மாரி மழையில் நிலைமை இன்னும் மோசம். தட்டை நிலத்தில் மேல்பக்க வாய்க்கால் ஒரு சபையிடமும் கடலுக்குப் போகும் கீழ்ப்பக்கம் இன்னொரு சபையிடமும் இருந்தால், ‘அடைத்தது அவர்கள்’ என்று இரு பக்கமும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும். உங்கள் முற்றத்தில் தண்ணீர் நிற்கும். தீயணைப்புப் பிரிவு மாநகரசபையிடம் இருக்கிறது. எல்லைக்கு வெளியே வண்டி வர என்ன ஏற்பாடு, செலவு யாருடையது என்பதை முன்கூட்டி எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தில், பலரும் மறப்பது காணி விற்பனை முத்திரைத் தீர்வை. மாகாணம் அறவிட்டு, காணி இருக்கும் சபைக்குத் திருப்பிக் கொடுக்கும் பணம் அது. காணி விலை ஏறிய நகரோரப் பகுதியை எந்தச் சபையும் இலேசில் விட்டுக்கொடுக்காது.

வர்த்தமானி வந்தாலும் முடிந்ததாக எண்ண வேண்டாம். கல்முனை மாநகரசபையிலிருந்து சாய்ந்தமருதைப் பிரித்து நகரசபையாக்கும் வர்த்தமானி 2020 பெப்ரவரியில் வந்தது. அதே மாதத்தில் அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது. அதற்கு மாறாக, நுவரெலியா, அம்பகமுவ பிரதேசசபைகள் இரண்டும் 2018 தேர்தலுக்கு முன் ஆறாகப் பிரிக்கப்பட்டு நிலைத்தன.

கூட்டத்துக்கு முன் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் மாநகரசபையின் தகவல் அலுவலரிடம் மூன்றைக் கேளுங்கள்: உங்கள் வட்டாரத்தின் சோலைவரிக் கேள்வித்தொகையும் (ஆண்டுக்கு அறவிட வேண்டிய வரி) நிலுவையும், கிடைத்த முத்திரைத் தீர்வை, கடந்த மூன்று ஆண்டுகளில் அங்கே வீதி, வாய்க்கால், விளக்குக்குச் செலவழித்த தொகை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தால் அடுத்த 14 நாட்களுக்குள் அதே சபையில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம்.