பண்ணையும் விழாத் திடலும்: கேட்டவையும் சொன்னவையும்

மென்பொருள் சோதனை வேலையில் 11 வருடம் இருந்தேன். வீட்டுக்காரர் கணக்குத் தணிக்கையில் இருந்தார். இரண்டு வேலையையும் விட்டுவிட்டு 14 ஏக்கரில் பண்ணை தொடங்கி 9 வருடம் ஆகிறது. கறவை மாடு, ஆடு, கொஞ்சம் பழமரம். நான்காம் வருடத்திலிருந்து ஒரு பகுதியைக் கல்யாணத்துக்கும் கூட்டங்களுக்கும் விடுகிறோம். தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். நில வகை மாற்றம், அனுமதி, வரியெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அதை மட்டும் நிலத்தில் கைவைக்கும் முன்பே உள்ளூர் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அக்கா, நானும் மனைவியும் ஐடி வேலையில் இருக்கிறோம். மூன்று வருடச் செலவுக்குச் சேமிப்பு இருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் விட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. ஒருவர் சம்பளத்தில் இருங்கள். இன்று பிறக்கும் கிடாரிக் கன்று முதல் ஈற்றுக்கு வரவே சுமார் இரண்டு வருடம் ஆகும். பழமரம் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து வருடம் கழித்துத்தான் பலன் தரும். அதுவரை எல்லாம் செலவுதான். மூன்று வருடச் சேமிப்பு என்கிறீர்கள், அது வீட்டுச் செலவுக்கு. வேலி, போர்வெல், கொட்டகை எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கிறதா?

இன்னொன்று. விழாவுக்கு வாங்கும் முன்பணம் வருமானம் இல்லை, விழா முடியும்வரை அது கடன். நாங்கள் ஆறு விழாக்களின் முன்பணத்தை எடுத்துக் கொட்டகைக்குக் கூரை போட்டோம். மழையில் இரண்டு விழாக்கள் ரத்தாயின. திருப்பிக் கொடுக்க நகையை வைத்தோம். வீட்டில் ஒரு தணிக்கையாளரை வைத்துக்கொண்டு இந்தத் தப்பு! இப்போது முன்பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்திருக்கிறோம், விழா முடிந்த மறுநாள்தான் அதிலிருந்து எடுப்போம்.

முதலில் பண்ணையா, விழாத் திடலா?

ஒரு முழு வருடம் பண்ணை மட்டும். எல்லாப் பருவத்திலும் நிலத்தைப் பார்த்த பிறகு திடலுக்கு இடம் குறியுங்கள். பார்க்க மிக அழகாக இருந்த சரிவின் அடிவாரத்தில்தான் நாங்கள் மேடைக்கு முளை அடித்து வைத்திருந்தோம். முதல் பெருமழையில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர். முளைகள் அடுத்த வயலில் கிடந்தன.

300 பேர் வருகிற விழாவுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் எவ்வளவு வேண்டும்? இருக்கிற வீட்டுச் செப்டிக் தொட்டி போதுமா?

போதாது. கணக்கைப் பாருங்கள். ஐந்து மணி நேர விழாவில் ஓர் ஆள் இரண்டு தடவை போவதாக வையுங்கள். ஒரு தடவைக்குக் கழிப்பறையில் ஊற்றும் தண்ணீர் 6 லிட்டர், கை கழுவ 2 லிட்டர். 300 × 2 × 8, அதாவது 4,800 லிட்டர். சமையலும் பாத்திரமும் இதில் சேரவில்லை. வெயில் காலத்தில் ஒரு கறவை மாடு நாளுக்கு 80 லிட்டர் குடிக்கும். எங்களிடம் 12 மாடு. ஆக, ஒரு சாயங்காலத்தில் விருந்தாளிகள் கழிப்பறையில் மட்டும் செலவழிப்பது மந்தையின் ஐந்து நாள் குடிநீர்.

தண்ணீரைவிடப் பெரிய சிக்கல் செப்டிக் தொட்டி. நாலு பேர் வீட்டுக்குக் கட்டிய தொட்டியில் இவ்வளவும் ஒரே மாலையில் இறங்கினால், கழிவு அடியில் படிய நேரமே கிடைக்காது. திடக்கழிவு அப்படியே உறிஞ்சுகுழிக்குத் தள்ளப்பட்டு மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அடைத்த உறிஞ்சுகுழியைச் சரிசெய்வது பெரும்பாடு, பல சமயம் புதிதாகத் தோண்டவேண்டியதுதான். விழாவுக்குத் தனித் தொட்டி கட்டுங்கள், இல்லையென்றால் நடமாடும் கழிப்பறை வாடகைக்கு எடுங்கள்.

மழைநீரையும் விடாதீர்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர மீட்டர் கொட்டகைக் கூரையில் 25 மி.மீ. பெய்தால் 12,500 லிட்டர். வழியில் கொஞ்சம் வீணாகும், அப்படியும் கணிசமாக நிற்கும்.

பக்கத்து வீடு 300 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஒலிபெருக்கியால் தகராறு வருமா?

வரும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். பெருக்கியிலிருந்து 10 மீட்டரில் 100 டெசிபல் என்றால் 320 மீட்டரில் இன்னும் 70 இருக்கும். தூங்குகிற வீட்டுக்கு அது அதிகம்.

பலர் ஏமாறுவது சோதனை பார்க்கும் நேரத்தில். மாலை நாலு மணிக்குப் பாட்டைப் போட்டுவிட்டு வேலியோரம் போய்க் கேட்டால் ஒன்றும் தெரியாது. இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து, அதன்மேல் சூடான காற்று நின்றால் மேலே போகவேண்டிய சத்தம் வளைந்து கீழே திரும்பிவிடும். அதே பாட்டு பத்து மணிக்கு அவர்கள் ஜன்னலில் நிற்கும். மரம் நட்டால் மறைந்துவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். ‘தும் தும்’ என்கிற அடித்தாளத்தை நாலு வரிசை மரம் ஒன்றும் செய்யாது.

இரண்டு பெரிய பெருக்கிக்குப் பதிலாக, விருந்தாளிகளுக்கு அருகிலேயே சின்னச் சின்னதாகப் பத்து வையுங்கள். முகம் அந்த வீட்டைப் பார்க்க வேண்டாம். வருடத் தொடக்கத்திலேயே விழாத் தேதிகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் முதல் வருடம் இரண்டு முறை புகார் கொடுத்தார். தேதிப் பட்டியல் கையில் கொடுத்த பிறகு, “அன்னிக்கு மகள் வீட்டுக்குப் போயிடறேன்மா” என்கிறார்.

வாகனம் நிறுத்த எவ்வளவு இடம்?

ஓடுபாதையும் சேர்த்து ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் என்று வையுங்கள். 100 காருக்கு 2,500, அதாவது அரை ஏக்கருக்கு மேல். ஈர நிலத்தில் கார் ஏற்றாதீர்கள். மண் இறுகினால் வருடக்கணக்கில் அங்கே புல்கூடச் சரியாக வராது.

குழந்தைகள் கன்றுக்குட்டியைத் தொட்டு விளையாடலாம் என்று விளம்பரம் செய்யலாமா அக்கா? கூட்டம் நன்றாக வரும்.

வரும். நான் செய்வதில்லை. நோய் அறிகுறி எதுவுமே இல்லாத மாட்டின் சாணத்திலும் ஈ.கோலை O157 கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அது போனால் சிறுநீரகம்வரை பாதிக்கும். செய்தே தீருவேன் என்றால் வெளியேறும் வழியிலேயே குழாயும் சோப்பும் இருக்கட்டும். கையில் தடவும் சானிடைசர் அதற்கு ஈடாகாது. சாப்பாட்டுப் பந்தல் அந்தப் பக்கமே கூடாது.

அலங்காரக்காரர்களுக்கு என்ன கட்டுப்பாடு வைத்திருக்கிறீர்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு கல்யாணம் முடிந்த நாலாம் நாள் காலை, எங்கள் செவலைப் பசு தீவனத்தைத் தொடவில்லை. அசை போடவில்லை. முதுகை வில்லாக வளைத்து, முன்கால் முட்டிகளை வெளியே அகட்டி நின்றாள். சரிவில் இறங்கச் சொன்னால் முனகினாள். மருத்துவர் பார்த்ததும், “கம்பி தின்னிருக்கு” என்றார்.

மாடு நாவால் வளைத்து இழுத்து விழுங்கும், சலித்துப் பார்த்துத் தின்னாது. கனமான இரும்பு இரண்டாம் வயிற்றறையில் போய்த் தங்கும். தேன்கூடு மாதிரி இருக்கும் அந்த அறைக்கு முன்னால்தான் இதயம். அறை சுருங்கும் ஒவ்வொரு தடவையும் கம்பி கொஞ்சம் கொஞ்சமாக முன்னே குத்தும். இடது விலாவுக்குப் பின்னால் கிழித்து, தோள்வரை கையை விட்டு அவர் எடுத்துக் காட்டியது விரல் நீளக் கம்பி. பச்சைக் காகிதம் சுற்றியிருந்தது. பூங்கொத்து கட்டும் கம்பி. பசு பிழைத்தாள், அந்த ஈற்றுக்குப் பால் மட்டும் திரும்பவில்லை.

அன்றிலிருந்து கம்பி, குண்டூசி, ஸ்டேப்ளர் பின் மூன்றும் எங்கள் வாசலைத் தாண்டாது. கட்டுவதற்குச் சணல் நாமே கொடுக்கிறோம். பறக்கும் விளக்குக்கும் தடை. அதன் சட்டத்திலும் கம்பி இருக்கும், தீயோடு போய் வைக்கோல் போரில் விழவும் செய்யும். அரளி இலையும் பூவும் உள்ளே வரக்கூடாது. காய்ந்த பிறகும் அது ஆடுமாட்டுக்கு விஷம், விழா முடிந்து குப்பையோடு மேய்ச்சலுக்குப் போய்விடும். மறுநாள் காலை மாடு அவிழ்க்கும் முன் திடல் முழுக்கக் காந்தம் கட்டிய தள்ளுவண்டியை ஓட்டுவோம். அரைக் கைப்பிடி ஆணியாவது கிடைக்காத நாள் கிடையாது.

மின்சாரம்?

பம்ப் மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். விழாவும் மோட்டாரும் ஒரே இணைப்பில் இருந்தால் பேச்சாளர் வாயைத் திறக்கும்போது விளக்கு மங்கும். விழாவுக்குத் தனி ஜெனரேட்டர் வையுங்கள்.

நகரத்து ஓட்டத்திலிருந்து நிம்மதி தேடித்தான் வர நினைக்கிறேன். கிடைக்குமா?

மாடு நாளுக்கு இரண்டு வேளை கறக்கவேண்டும், ஞாயிறும் பண்டிகையும் அதற்குத் தெரியாது. விழா வருவதோ வாரக் கடைசியில். ஆக, ஏழு நாளும் போச்சு. ஆட்டுக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள், கணக்குப் போட்டுத்தான் கிடாயைச் சேர்ப்போம். அப்படியும் போன வருடம் மாலை மாற்றும் நேரத்தில் ஓர் ஆடு குட்டி போட்டது. வீட்டுக்காரர் விருந்தாளிகளை வரவேற்கும் வேட்டி சட்டையிலேயே போய்க் குட்டியை இழுத்துப் போட்டுவிட்டு வந்தார். எங்கள் சண்டையில் பாதி, அன்றைக்கு யார் பண்ணையைப் பார்ப்பது, யார் திடலைப் பார்ப்பது என்பதில்தான் வரும். இப்போது வாரம் மாற்றி வாரம்.

பழைய வேலைக்கே திரும்பிவிடலாம் என்று தோன்றியதுண்டா அக்கா?

திரும்பியே இருக்கிறேன். ஐந்தாம் வருடம் ஏழு மாதம், வீட்டிலிருந்தபடியே பகுதிநேரமாக அதே சோதனை வேலை. அந்தச் சம்பளத்தில்தான் இரண்டாவது செப்டிக் தொட்டி கட்டினோம்.