பூட்டிய வீடும் பக்கத்து வீட்டுக் கண்ணும்: விடுமுறைக்கால கேள்வி பதில்

விடுமுறை வந்தால் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். மீதி வீடுகளில் விருந்தாளிகள் நிறைந்திருப்பார்கள். கவலை இரண்டு பக்கமும் உண்டு. எங்கள் குடியிருப்பின் பாதுகாப்புக் குழுவை 12 ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். இந்த வாரம் என்னிடம் வந்த கேள்விகளுக்கு அந்த அனுபவத்தில் இருந்து பதில் சொல்கிறேன்.

பத்து நாள் வெளியூர் போகிறோம். வாசல் விளக்கை எரியவிட்டுப் போனால் போதுமா?

போதாதுங்க. சில சமயம் அந்த விளக்கே காட்டிக்கொடுத்துவிடும். உச்சி வெயிலில் எரியும் விளக்கைப் பார்த்தால், அணைக்க ஆளில்லை என்பது யாருக்கும் புரியும். டைமர் வைத்த பிளக் ஒன்று வாங்கி, உள்அறை விளக்கு மாலையில் எரிந்து இரவில் அணைகிற மாதிரி வையுங்கள்.

விளக்கைவிட வாசல்தான் அதிகம் பேசும். போன விடுமுறையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டு கேட்டில் யாரோ விளம்பர நோட்டீஸ் செருகிவிட்டுப் போனார்கள். முதல் நாள் விறைப்பாக நின்றது. இரண்டாம் நாள் பனியில் நனைந்து ஓரம் சுருண்டது. மூன்றாம் நாளும் அங்கேயே இருந்தது. நல்ல பூட்டு, கேமரா எல்லாம் உள்ள வீடு அது. ஆனால் வீட்டில் யாரும் இல்லை என்று அந்தத் தாள் மூன்று நாளாகத் தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தது. தினமும் அந்த வழியாக நடக்கும் நானே அன்றுதான் கவனித்து உருவி எடுத்தேன். அதனால் கிளம்பும் முன் ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், "தினமும் என் வாசலை ஒரு பார்வை பாருங்கள்" என்று நேரில் சொல்லுங்கள். திரும்பும் தேதியும் உங்கள் எண்ணும் அவரிடம் இருக்கட்டும்.

சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். மிதியடி, தொட்டி, செருப்பு அலமாரி என்று நமக்குத் தோன்றுகிற இடமெல்லாம் திருட வருகிறவனுக்கும் தோன்றும். அந்த ஒரே ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

குழுவில் "எல்லாரும் எங்கள் வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிட்டுத்தான் போனோம். இரண்டு நாள் குழாய் உடைந்து தண்ணீர் ஓடியிருக்கிறது, ஒருவரும் சொல்லவில்லை. மனசு விட்டுப்போச்சு.

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் உங்கள் அக்கம்பக்கத்தார் மோசமானவர்கள் என்று முடிவுகட்டாதீர்கள். 1968-ல் லாட்டனே, டார்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது சுவரில் உள்ள துளை வழியாகப் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். மூன்று பேராக உட்காரவைத்தபோது, 38 சதவீதக் குழுக்களில்தான் ஒருவராவது போய்ச் சொன்னார். மற்றவர்கள் சும்மா இருக்கிறார்களே, அப்படியென்றால் ஒன்றும் இல்லை போல என்று ஒவ்வொருவரும் நினைத்துவிடுகிறார்கள்.

"எல்லாரும்" என்று சொன்னால் வேலை யார் தலையிலும் உட்காராது. அடுத்த முறை பெயர் சொல்லிக் கேளுங்கள். அப்புறம், தண்ணீர் வரும் மெயின் வால்வையும் மூடிவிட்டுப் போங்கள்.

"குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது" என்று ஒருவர் படத்தோடு செய்தி வந்தது. மற்றவர்களையும் எச்சரிக்க அனுப்பலாமா?

தயவுசெய்து அனுப்பாதீர்கள். இப்படிப்பட்ட வதந்தியால் வழிப்போக்கர்கள் அடித்தே கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஒரு செய்தியை ஒரு நேரத்தில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பகிர முடியாது என்று 2019-ல் வாட்ஸ்அப் உலகம் முழுக்கக் கட்டுப்பாடு கொண்டுவந்ததற்குக் காரணமே இந்த மாதிரிச் செய்திகள்தான். எங்கே, எந்த நாளில் நடந்தது, யார் நேரில் பார்த்தார்கள் என்று அனுப்பியவரிடம் கேளுங்கள். பதில் இல்லை என்றால் அது உங்களோடு நிற்கட்டும். பதில் இருந்தால் காவல்துறையிடம் சொல்லுங்கள்.

நீங்களே எதையாவது பார்த்து எழுதினால், ஆளின் தோற்றத்தை எழுதாமல் செய்ததை எழுதுங்கள். "புது ஆள் ஒருவர் திரிகிறார்" என்றால் அது யாராகவும் இருக்கலாம். "மூன்று வீட்டுக் கதவை வரிசையாகத் தள்ளிப் பார்த்தார்" என்றால்தான் பயன்.

பிள்ளைகள் பயணப் படங்களை உடனுக்குடன் போடுகிறார்கள். தடுக்கவா?

தடுக்க வேண்டாம், தள்ளிப்போடச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் ஆசைதீரப் போடட்டும்.

வீடு நிறைய விருந்தாளிகள். சமையல்கட்டில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் என்ன செய்வது?

இதைக் கேட்டதற்கு நன்றி. ஏனென்றால் பதற்றத்தில் நம் கை முதலில் போவது தண்ணீருக்குத்தான், உயிருக்கே ஆபத்தானதும் அதுதான். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். அடியில் இறங்கிய நொடியில் ஆவியாகி 1,700 மடங்கு அளவுக்கு விரியும். அப்படி விரியும்போது எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் வீசியடிக்கும். முடிந்தால் அடுப்பை அணைத்துவிட்டு, உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து சறுக்கியபடி மூடுங்கள். அப்படியே விடுங்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், ஆறும்வரை திறந்தும் பார்க்காதீர்கள். தீ பெரிதாகிவிட்டால் எல்லாரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்திவிட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

யாருக்காவது சுட்டுவிட்டால் மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழறாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் முழுசாகக் காட்டுங்கள். இரண்டு நிமிடத்திலேயே எரிச்சல் அடங்கியது போல இருக்கும், எடுத்துவிடாதீர்கள். பனிக்கட்டி, பற்பசை எதுவும் வேண்டாம்.

மின்வெட்டுக்கு வாடகை ஜெனரேட்டர் எடுக்கிறோம். மழைக்கு பயந்து கார் ஷெட்டில் வைக்கலாமா?

கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. திறந்தவெளியில், வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை சன்னல் பக்கம் வராதபடி வையுங்கள். வீட்டில் பல பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் சாப்பாட்டைச் சந்தேகித்துக்கொண்டு உட்காராதீர்கள். எல்லாரும் உடனே வெளியே வந்து உதவிக்கு அழையுங்கள்.

எங்கள் மாடியில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். பிள்ளைகள் இந்த முறை வரவில்லை. தினமும் கதவைத் தட்டினால் சங்கடப்படுவாரோ?

படலாம். அதனால் தட்டாமலே தெரிகிற ஏற்பாடு ஒன்று செய்யுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் காலை எட்டு மணிக்குள் சன்னல் திரையை விலக்கிவிடுவார். விலகியிருந்தால் நான் என் வேலையைப் பார்ப்பேன், மூடியிருந்தால் போய்க் கேட்பேன். போன வருடம் ஒரு நாள் திரை விலகவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார். உள்ளே போக முடிந்தது என்னிடம் ஒரு சாவி இருந்ததால்தான். பாட்டியிடம் திரை பற்றிப் பேசும்போது சாவி பற்றியும் கேட்டுவிடுங்கள்.