இருபது சதவீதப் பாலம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சுங்கச்சாவடிகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். தனியார் சாலை போடுவது சிக்கல் இல்லை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் சிக்கல் என்று முடித்திருந்தீர்கள். எனக்கு அது நழுவலாகத் தோன்றியது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அரசு ஏழு சதவீத வட்டிக்குக் கடன் வாங்க முடியும். தனியார் நிறுவனம் பத்து, பதினொன்று கொடுக்க வேண்டும். அதற்கு மேல் முதல் போட்டவருக்கு லாபமும் வேண்டும். அப்படியிருக்க, சாலையோ தண்ணீர்த் திட்டமோ தனியார் கையில் மலிவாக முடிய எந்த வழியும் இல்லை. லாபம் வந்தால் நிறுவனத்துக்கு, நட்டம் வந்தால் மக்களுக்கு என்பதைத்தான் பொது-தனியார் கூட்டு என்று அழகாகச் சொல்கிறார்கள். எங்கள் ஊர் தண்ணீர்த் திட்டத்தில் இதைக் கண்ணால் பார்த்தோம்.

நெடுஞ்சாலை ஒப்பந்ததாரர் ஒருவரிடம் பொறியாளராக இருக்கும் என் மைத்துனரோ, அரசை நம்பியிருந்தால் நாட்டில் நான்குவழிச் சாலையே வந்திருக்காது என்கிறார். இப்போது பக்கத்து நகராட்சியில் பேருந்து நிலையத்தைத் தனியாரைக் கொண்டு கட்டி, முப்பது ஆண்டு அவர்களிடமே விடப்போவதாகப் பேச்சு. எதிர்ப்பதா, வரவேற்பதா?

பெயர் வேண்டாம்,
திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வட்டிக் கணக்கில் பிழை இல்லை. ஒரு பத்தி மட்டும் விடுபட்டிருக்கிறது. அரசுக்கு ஏன் ஏழு சதவீதத்துக்குக் கடன் கிடைக்கிறது? அரசு கட்டும் பாலங்கள் எல்லாம் நன்றாக ஓடும் என்று கடன் கொடுப்பவர் நம்புவதாலா? இல்லை. பாலத்தில் ஒரு வண்டிகூடப் போகாவிட்டாலும் வரி வசூலித்துக் கடனை அடைத்துவிடுவார்கள் என்பதால். அதாவது அந்தத் திட்டத்தின் அபாயம் எங்கும் மறைந்துவிடவில்லை. வரி கட்டுகிறவர் தலையில் ரசீது இல்லாமல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தனியார் கேட்கும் கூடுதல் சதவீதம், அந்தச் சுமையைத் தான் தூக்குவதற்கான கூலி. கூலி கேட்பதில் தவறில்லை. கொடுத்த பிறகு யார் தூக்குகிறார் என்பதுதான் என் கேள்வி. கூலியையும் கொடுத்துவிட்டுச் சுமையையும் நாமே தூக்கிய ஒப்பந்தங்கள் இந்தியாவில் நிறைய. ஒப்பந்தத்தைப் பாருங்கள் என்று நான் எழுதியது நழுவல் அல்ல. போன கட்டுரையில் ஒன்றையாவது பிரித்துக் காட்டியிருக்கலாம். இப்போது காட்டுகிறேன்.

டெல்லியையும் நொய்டாவையும் யமுனைக்கு மேலாக இணைக்கும் எட்டுவழிப் பாலச்சாலை ஒன்று உண்டு. டிஎன்டி என்று அழைப்பார்கள். 2001இன் தொடக்கத்தில் திறந்தது. ஆரம்பச் செலவு சுமார் 408 கோடி ரூபாய். உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குப் பணம் திரட்டித் தரும் ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனம் உருவாக்கிய நொய்டா டோல் பிரிட்ஜ் கம்பெனிதான் கட்டியது. 1997 நவம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி முப்பது ஆண்டு சுங்கம் வசூலித்துவிட்டு ஒப்படைக்க வேண்டும். இதுவரை எல்லாம் ஊரறிந்த முறைதான். விஷயம் ஒரு சூத்திரத்தில் இருந்தது: மொத்தத் திட்டச் செலவின் மீது ஆண்டுக்கு 20 சதவீத வருவாய் நிறுவனத்துக்கு உறுதி. ஓர் ஆண்டில் பராமரிப்பு, நிர்வாகச் செலவெல்லாம் போக மிஞ்சிய வசூல் அந்த 20 சதவீதத்தை எட்டாவிட்டால், எவ்வளவு குறைந்ததோ அந்தத் தொகை திட்டச் செலவோடு சேர்க்கப்படும். அடுத்த ஆண்டு 20 சதவீதம் அந்தப் பெருத்த தொகைக்கு. முப்பது ஆண்டில் தீராவிட்டால், தீரும்வரை ஒப்பந்தம் இரண்டிரண்டு ஆண்டாக நீளும்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், போட்டுப் பாருங்கள். செலவு 100 ரூபாய், நிகர வசூல் ஆண்டுக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு முடிவில் பாக்கி 110. இரண்டாம் ஆண்டு 122. பத்தாம் ஆண்டு 360-ஐ ஒட்டி வந்துவிடும். முப்பதாம் ஆண்டு முடிவில் மக்கள் 300 ரூபாய் கட்டி முடித்திருப்பார்கள். புத்தகத்தில் பாக்கி ஏறத்தாழ 11,900 ரூபாய் நிற்கும். இது விளக்குவதற்காக நானே போட்ட எடுத்துக்காட்டுதான், ஆனால் டிஎன்டியில் நடந்தது இதே வகை. தொடக்க ஆண்டுகளில் வண்டிகள் மதிப்பீட்டுக்கு மிகக் கீழே இருந்தன. குறை தொகை ஏறியது, குட்டி போட்டது. பத்து ஆண்டுக்கு மேல் நாள் தவறாமல் சுங்கம் வசூலான பிறகு, மீட்க வேண்டிய தொகை ஆரம்பச் செலவைப் போலப் பல மடங்காகியிருந்தது.

1997இல் 20 சதவீதம் என்பது அவ்வளவு கொள்ளையா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். வங்கி வட்டியே 14 சதவீதத்தை ஒட்டி இருந்த காலம் அது. இந்தியாவில் அதுவரை யாரும் சரியாகச் செய்து பார்த்திராத தொழில். முதல் போடுகிறவர் 20 கேட்பது இயல்பு. ஆனால் அந்த 20 எதற்குக் கொடுக்கப்படுகிறது? வண்டி வராமல் போனால் அவர் நட்டப்படுவார் என்பதற்காக. வண்டி வராவிட்டாலும் பணம் பாக்கியாக ஏறிக்கொண்டே போகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அவருக்கு என்ன அபாயம் மிச்சம்? அரசுப் பத்திரத்துக்கு உரிய பாதுகாப்பைக் கொடுத்துவிட்டுச் சூதாட்டத்துக்கு உரிய லாபத்தையும் கொடுத்தார்கள். போதாததற்கு, செலவு போக மிஞ்சியதே கணக்கில் வருவதால், செலவைக் குறைக்கும் அக்கறையும் நிறுவனத்துக்கு வேண்டியதில்லை. டெண்டரும் விடப்படவில்லை. வேறொருவர் 16 சதவீதத்துக்குச் செய்ய முன்வந்திருப்பாரா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அதனால் இல்லாமல் போயிற்று.

நொய்டா குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு வழக்குப் போட்டது. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சுங்க வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. செலவும் போதிய லாபமும் நிறுவனத்துக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டன, இனி வசூலிக்கக் காரணமில்லை என்றது. தீர்ப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் கைதட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். அரசு அமைப்பு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் முதுகெலும்பை 19 ஆண்டு கழித்து நீதிமன்றம் முறித்திருக்கிறது. அடுத்த பாலத்துக்கு விலை சொல்ல வருகிறவர் இதையும் ஓர் அபாயமாகக் கணக்கில் சேர்ப்பார். மோசமான ஒப்பந்தத்துக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறோம்.

இந்தக் கதையில் 'தனியார்' யார் என்பதும் வேடிக்கையானது. ஐஎல் அண்ட் எஃப்எஸ் 1987இல் பொதுத்துறையைச் சேர்ந்த சென்ட்ரல் வங்கி, யூனிட் டிரஸ்ட் ஆகியவையும் வீட்டுக்கடன் நிறுவனமான எச்டிஎஃப்சியும் சேர்ந்து தொடங்கியது. பிற்காலத்தில் அதன் பெரிய பங்குதாரர் எல்ஐசி; ஸ்டேட் வங்கியும் உண்டு. 2018இல் 90,000 கோடி ரூபாய்க்கு மேல் கடனை வைத்துக்கொண்டு அது விழுந்தபோது, மத்திய அரசே இயக்குநர் குழுவைக் கலைத்துப் புதிய குழுவை அமர்த்த வேண்டியிருந்தது. நெடுஞ்சாலைகளிலும் இதே நிலைதான். நிறுவனங்கள் போட்டி போட்டு விலை சொல்லி எடுத்த சாலைகளுக்குப் பணம் கொடுத்தவை பெரும்பாலும் பொதுத்துறை வங்கிகள். சாலைத் திட்டம் நட்டத்தில் படுத்தபோது வங்கிக் கணக்கில் வாராக்கடன் ஏறியது, வங்கிக்கு முதல் போட வரிப்பணம் போயிற்று. உங்கள் மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள்: அரசிடம் பணம் இல்லை, தனியாரிடம் இருந்தது என்பது முழு உண்மை இல்லை. பணம் உங்கள் வைப்புத்தொகையில் இருந்தது. தனியார் கொண்டுவந்தது வேகம், மேலாண்மை, கட்டிவிட்டு ஓடாமல் பராமரிக்கும் கட்டாயம். அவையும் சிறிய விஷயங்கள் அல்ல; பொதுப்பணித் துறை கட்டிடங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

திருப்பூருக்கு வருகிறேன். அந்தத் திட்டத்தை டிஎன்டியோடு ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள். ஐஎல் அண்ட் எஃப்எஸ் இரண்டிலும் இருந்தது என்பது உண்மை. ஆனால் நோய் வேறு. நிலத்தடி நீர் உப்பாகி, சாயப்பட்டறைகள் லாரித் தண்ணீரை நம்பிக்கிடந்த ஊர் உங்களுடையது. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவர 1,023 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். 1995இல் இதற்கென ஒரு நிறுவனம் தொடங்கி, 2002இல்தான் கடன் முழுதாகத் திரண்டது. பட்டறைகளுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய். வீடுகளுக்கு அந்த விலையில் ஒரு சிறு பங்கு. சாயம் போடுகிறவர் கட்டும் பணத்தில் குடிதண்ணீர் மலிவாகக் கிடைக்கும் என்பது ஏற்பாடு. காகிதத்தில் எனக்குப் பிடித்த ஏற்பாடுதான்.

ஆனால் அந்தத் தண்ணீர் சாயமாகி எங்கே போகும்? நொய்யலுக்கு. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே பாசன விவசாயிகளின் நிலத்துக்கு. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது என்ற ஆணையைப் பட்டறைகள் நிறைவேற்றாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் மொத்தமாக மூடச் சொன்னது. திட்டத்தின் பெரிய வாடிக்கையாளர்கள் காணாமல் போனார்கள். பிறகு அவர்கள் திரும்பி வந்தபோதும், கழிவுநீரைச் சுத்திகரித்து அதையே மறுபடி பயன்படுத்தியாக வேண்டும் என்பதால் புதுத் தண்ணீரின் தேவை பழைய அளவுக்கு ஏறவில்லை. கடனை மறுசீரமைக்க வேண்டி வந்தது.

இதில் நிறுவனம் ஏமாற்றியது என்று சொல்ல முடியாது. ஒரே தொழிலை, அதுவும் சட்டத்தை மீறினால்தான் அவ்வளவு தண்ணீர் குடிக்கக்கூடிய தொழிலை, தூணாக வைத்து முப்பதாண்டுத் திட்டம் கட்டியது தவறு. நொய்யல் சாகிறது என்பது 1995இல் ரகசியம் அல்ல. அதைத் தடுக்க வேண்டிய அரசே, தடுக்காமல் விட்டால் மட்டும் லாபம் வரக்கூடிய திட்டத்தில் பங்காளியாகவும் இருந்தது. எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். கூட்டு என்று வந்துவிட்டால் கண்காணிப்பவரும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் ஒருவராகிவிடுகிறார்கள். மேலும், சாலை படுத்தால் பழைய சாலையில் போகலாம். குடிதண்ணீர்க் குழாயை மூட முடியாது. எனவே எப்படி எழுதினாலும் தண்ணீரில் கடைசிச் சுமை அரசிடம்தான் வந்து சேரும். அது தெரிந்துகொண்டே தனியார் தாங்குவார் என்று நடித்து அதற்கு விலையும் கொடுப்பது வீண்.

வேறு விதமாக எழுத முடியுமா? முடியும். சிலி நாட்டில் 1998இல் சாண்டியாகோவிலிருந்து வல்பராய்சோவுக்குப் போகும் சாலையை ஏலம் விட்டபோது, எத்தனை ஆண்டு என்று கேட்கவில்லை. வரும் ஆண்டுகளின் வசூலை ஏலநாளின் பண மதிப்புக்கு மாற்றிக் கூட்டினால், மொத்தம் எவ்வளவு கிடைத்தால் போதும் என்று கேட்டார்கள். குறைவாகச் சொன்னவருக்குச் சாலை. அந்தத் தொகை வந்தவுடன் ஒப்பந்தம் முடியும்: வண்டி அதிகம் வந்தால் சீக்கிரம், குறைந்தால் தாமதமாக. டிஎன்டி ஒப்பந்தத்திலும் காலம் நீள இடம் இருந்தது. வேறுபாடு என்னவென்றால், இங்கே போய்ச் சேர வேண்டிய இலக்கு ஓடிக்கொண்டே இருந்தது; அங்கே தொகை ஏலத்திலேயே பூட்டப்பட்டது. நம் ஊரில் 2016 முதல் நெடுஞ்சாலைகளுக்கு வந்த கலப்பு முறையும் ஓரளவு இந்த அறிவிலிருந்து பிறந்ததுதான். கட்டும்போதே 40 சதவீதத்தை அரசு கொடுத்துவிடுகிறது. மீதியை 15 ஆண்டில் தவணையாகத் தருகிறது. சுங்கம் அரசுக்கு. வண்டி வருமா என்பது ஒப்பந்ததாரர் கையில் இல்லை, எனவே அந்த அபாயம் அவருக்கு இல்லை. நேரத்துக்கு முடிப்பதும் பள்ளம் விழாமல் பார்ப்பதும் அவர் கையில் இருக்கிறது, அது அவருக்கு.

அப்படியானால் அரசுகள் ஏன் இன்னும் பழைய மாதிரி ஒப்பந்தங்களில் விழுகின்றன? ஊழல் என்று உடனே சொல்லிவிடலாம், பல இடங்களில் சரியாகவும் இருக்கும். அதைவிடச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு. கடன் வாங்கிக் கட்டினால் இந்த ஆண்டு பட்ஜெட்டில் கடன் தெரியும். தனியாருக்கு உறுதி எழுதிக் கொடுத்தால் எதுவும் தெரியாது. திறப்பு விழா இவர் காலத்தில், பாக்கி இன்னொருவர் காலத்தில்.

உங்கள் பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்பு, ஆதரவு இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். கடையும் வாடகையும் உள்ள திட்டம், சாலையைவிடக் கணக்குப் போட எளிது. வரைவு ஒப்பந்தத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வணிக ரகசியம் என்று மறுப்பார்கள், மேல்முறையீடு செய்யுங்கள். கிடைத்தால் முன்னுரையைப் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஒப்பந்த முறிவு என்ற பகுதிக்கு நேராகப் போங்கள். தேசிய நெடுஞ்சாலைகளில் சுங்கச் சாலைகளுக்காக அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தத்தில், சாலை திறந்த பிறகு தன் தவறாலேயே நிறுவனம் கைவிட்டாலும், காப்பீடு போக நிலுவைக் கடனில் 90 சதவீதத்தை அரசு கொடுத்துவிடும் என்று இருக்கிறது. கடன் கொடுத்த வங்கி எதற்காக அந்தத் திட்டத்தை உன்னிப்பாக ஆராயப் போகிறது? உங்கள் நகராட்சி எவ்வளவு எழுதிக் கொடுக்கிறது, வாடகை வராவிட்டால் யார் ஈடுகட்டுவது, ஒப்பந்தக் காலம் எந்தக் காரணத்துக்கெல்லாம் நீளும் என்று பாருங்கள். குறிப்பாக, வசூலில் குறை விழுந்த தொகை எதன் மேலாவது ஏறிச் சேருகிறதா என்று. அந்த ஒரு வரி இருந்தால் வார்டு உறுப்பினரிடம் போய் நான் மேலே போட்ட நூறு ரூபாய்க் கணக்கைக் காட்டுங்கள். இல்லாவிட்டால், கழிப்பறையை யார் சுத்தம் செய்வது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முப்பதாண்டு ஒப்பந்தங்களில் பயணிகள் முதலில் சண்டை போடுவது அதற்காகத்தான்.

அன்புடன்