பனியன் வேஸ்ட்டும் பழைய சேலையும்: குன்னூர் அக்கா பதில்கள்

தை பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிபோனவர்கள் மலையில் இவ்வளவு பேரா! இந்த முறை வந்த கடிதக் கட்டில் பாதிக்குமேல் புது வீட்டுப் புலம்பல்தான். சமையல் சந்தேகம் அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழ் உங்களுக்கு.

கே: திருப்பூரில் பதினோரு ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, கோத்தகிரி பக்கம் என் கணவரின் ஊரிலேயே வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். டைல்ஸ் தரை, வெள்ளைச் சுவர், மூன்று நாற்காலி. பேசினால் எதிரொலிக்கிறது. சின்னவன், "நம் வீட்டுக்கு எப்போது போகிறோம்?" என்று கேட்கிறான். கடன் தவணை போக மாதம் ஆயிரம் ரூபாய்கூடக் கையில் நிற்பதில்லை. என்ன செய்யலாம் அக்கா?
- இரண்டு பிள்ளைகளின் தாய், கோத்தகிரி

ப: சின்னவனை நான் குறை சொல்லமாட்டேன். 1984இல் மதுரையிலிருந்து குன்னூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நான், மூன்று மாதம் அதே கேள்வியைத்தான் என் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவனாவது குழந்தை.

முதலில் தரையைக் கவனியுங்கள். பலகையும் டைல்ஸும் ஒரே அறையில் ஒரே குளிரில்தான் கிடக்கின்றன. ஆனால் டைல்ஸ் காலின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடுகிறது. அதனால்தான் பனிக்கட்டியை மிதித்ததுபோல் இருக்கிறது. வீடு எதிரொலிப்பதற்கும் அந்தத் தரையும் வெறும் சுவரும்தான் காரணம். துணி விழுந்தால் இரண்டும் அடங்கும்.

கம்பளம் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். பதினோரு ஆண்டுகள் திருப்பூரில் இருந்தவருக்குப் பனியன் வேஸ்ட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? பனியன் கம்பெனிகளில் வெட்டிக் கழித்த துணியைக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். யாராவது சொந்தக்காரர் மலையேறும்போது பஸ்ஸில் ஒரு மூட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பெரிய துண்டுகளாகப் பொறுக்கி இரண்டு அங்குல அகலத்தில் பட்டை பட்டையாக வெட்டுங்கள். இரு முனையையும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் பனியன் துணி தானாகச் சுருண்டு கயிறுபோல் ஆகிவிடும். ஓரம் மடித்துத் தைக்கிற வேலை மிச்சம். மூன்று பட்டைகளைச் சேர்த்துச் சடை பின்னுங்கள். பட்டை தீரும்போது அடுத்ததை முனையில் தைத்து இணையுங்கள். முடிச்சுப் போட்டால் காலில் உறுத்தும். மூன்றும் ஒரே நீளத்தில் இருந்தால் இணைப்பெல்லாம் ஒரே இடத்தில் வந்து புடைத்துக்கொண்டு நிற்கும், ஆகவே நீளத்தை மாற்றி மாற்றி வெட்டுங்கள்.

இரண்டடிக்கு மூன்றடியில் முட்டை வடிவக் கால்மிதி வேண்டுமானால், நடுவில் போகும் முதல் சடை ஓரடி நீளம் இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு போனால் ஒன்று; எந்த அளவுக்கும் இதே கணக்குத்தான். ஓரடி வந்ததும் மடக்கி, சடையைச் சுற்றிச் சுற்றி வைத்து, கோணி ஊசியில் கெட்டி நூல் கோத்துப் பக்கத்துச் சடையோடு சேர்த்துத் தையுங்கள். தரையில் பரப்பிவைத்துத்தான் தைக்க வேண்டும். நான் முதல் தடவை டிவி பார்த்துக்கொண்டே மடியில் வைத்துத் தைத்தேன். முடித்துக் கீழே போட்டால் கிண்ணம் மாதிரி குவிந்து நிற்கிறது! இரண்டு வருடம் பூனை அதில் படுத்துக்கொண்டது. வளைவுகளில் சடையை இழுக்காமல் தளர விடுங்கள். ஓரம் மேலே எழும்பினால் இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள். அலை அலையாக நெளிந்தால் மிகவும் தளர்த்திவிட்டீர்கள். அந்தச் சுற்றை மட்டும் பிரித்துத் தைத்தால் போதும்.

கூடம் முழுக்க ஒரே விரிப்பாகச் செய்ய ஆசைப்படாதீர்கள். ஆடியில் நனைந்தால் ஆவணியில்கூடக் காயாது. சிறியதாக மூன்று செய்யுங்கள்: கட்டில் பக்கத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, பிள்ளைகள் பாடம் எழுதும் இடத்தில் ஒன்று. பெரியவர்கள் நடமாடும் வழியில் மட்டும் போடாதீர்கள், டைல்ஸில் வழுக்கும். சின்னவனுக்குப் பத்தாமல் போன பனியன் ஒன்றை அவனிடமே கேட்டு வாங்கி நடுச்சடையில் வைத்துப் பின்னுங்கள். எது தன்னுடையது என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருப்பான்.

விளக்குக்கு ஒரு செலவு செய்யலாம். பல்பு டப்பாவில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது ஆஸ்பத்திரி வெளிச்சம். 2700 அல்லது 3000 என்று போட்ட எல்இடி பல்பு ஒன்று வாங்கி, அறையின் மூலையில் ஆள் உட்காரும் உயரத்தில் மாட்டுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் மேலே எரிகிற டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். சுவருக்குப் படம் வாங்குவதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். ஒரு மழைக்காலம் அந்த வீட்டில் இருந்து பாருங்கள். எந்தச் சுவர் ஓதம் அடிக்கிறது, எந்த மூலையில் வெயில் விழுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

கே: ஊட்டியில் புது வீடு. ஜன்னலைச் சாத்தியிருந்தாலும் ராத்திரி காற்று உள்ளே வருகிறது. திரைச்சீலைக்குக் கடையில் சொன்ன விலையைக் கேட்டதும் திரும்பி வந்துவிட்டேன். பழைய சேலையில் தைக்கலாமா?
- வாசகி, உதகமண்டலம்

ப: தைக்கலாம், ஆனால் சேலையை எடுப்பதற்கு முன் ஊதுபத்தியை எடுங்கள். காற்றடிக்கிற ராத்திரியில் ஒன்றைக் கொளுத்தி, ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே இடுக்கு. எங்கள் வீட்டுத் தச்சர் பச்சை மரத்தில் ஜன்னல் செய்து மாட்டிவிட்டுப் போனார். மரம் காயக் காயச் சுருங்கி, ஒரே வருடத்தில் விரல் நுழையும் இடுக்கு. பழைய கம்பளியில் அரை அங்குல அகலத்துக்குப் பட்டை கத்தரித்து, கதவு வந்து மோதும் இடத்தில் பசையால் ஒட்டினேன். வாசற்கதவின் அடி இடுக்குக்குப் பழைய பேன்ட் காலில் மரத்தூளைத் திணித்து இரண்டு பக்கமும் தைத்துப் பாம்பு மாதிரி போட்டுவைத்தேன். பேரன் அதற்கு வால் வரைந்து, கண்ணும் வைத்துவிட்டான்.

இனி சேலைக் கணக்கு. ஐந்தரை மீட்டர் சேலை பதினெட்டு அடி வரும், அகலம் மூன்றே முக்கால் அடி. உங்கள் ஜன்னல் நாலுக்கு நாலு என்று வைத்துக்கொண்டால், திரை மேலும் கீழும் அரையடி அதிகம் தொங்க வேண்டும். மடிப்புக்கு இன்னொரு அரையடி. ஆக ஐந்தரை அடித் துண்டுகள் மூன்று வெட்டலாம். இரண்டு துண்டு ஒரு ஜன்னலுக்கு, மூன்றாவது அடுத்த ஜன்னலுக்கு முன்பணம். மிஞ்சும் ஒன்றரை அடியில் ஒரு திண்டு உறை தைத்துவிடலாம். திரை மாட்டும் கம்பி, ஜன்னலைவிட இரண்டு பக்கமும் அரையடி நீண்டிருக்கட்டும். அப்போதுதான் திரை ஓரச் சுவரையும் மூடும்.

சேலை மட்டும் குளிரைத் தடுக்காது. பின்பக்கம் பழைய கம்பளியையோ, இரண்டாக மடித்த படுக்கை விரிப்பையோ வைத்துத் தையுங்கள். இன்னொரு லாபமும் உண்டு: மலை வெயில் சாயத்தைத் தின்றுவிடும், அந்த உள்துணிதான் சேலையைக் காப்பாற்றும். நான் உள்துணி வைக்காமல் தொங்கவிட்ட அரக்குச் சுங்குடி ஒன்று இரண்டே கோடையில் மண் நிறமாகிவிட்டது. அம்மா கட்டிய சேலை அது. இன்னும் மனசு ஆறவில்லை.

வெயில் வந்ததும் திரையை முழுக்க ஒதுக்குங்கள், நாலு மணிக்கெல்லாம் இழுத்து மூடுங்கள். இருட்டிய பிறகு மூடுகிறவர்கள், வந்த சூட்டை வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள்.

கே: ராத்திரி படுக்கை அறையில் கரி அடுப்பு வைத்துக்கொண்டால் கதகதப்பாக இருக்கிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும் என்கிறார் கணவர். சரிதானா?
- வாசகி, கொடைக்கானல்

ப: தவறு. இன்று ராத்திரியே நிறுத்துங்கள். எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் இடத்தில் இது ஏறிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம். தூங்குகிறவருக்கு இரண்டுமே தெரியாது. மலைக்குச் சுற்றுலா வந்து அறைக்குள் கரி மூட்டிப் படுத்து, விடியாமலே போனவர்கள் உண்டு. தணல் மேல் சாம்பல் பூத்துவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று நினைப்பதும் ஆபத்துதான். கணவரிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள்.

வெந்நீர்ப் பை வாங்குங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். கொதி அடங்கியதும் முக்கால் பைக்கும் குறைவாக ஊற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடுங்கள். பழைய ஸ்வெட்டர் கையை வெட்டி உறையாக மாட்டி, படுப்பதற்குக் கால்மணி நேரம் முன்பு போர்வைக்குள் வைத்துவிடுங்கள். கைக்குழந்தை பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

கே: கட்டி முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி. துணியெல்லாம் பூஞ்சை வாடை. வீட்டுக்கு யாரையும் அழைக்கவே கூச்சமாக இருக்கிறது.
- வாசகர், கூடலூர்

ப: கூச்சப்படாதீர்கள். தென்மேற்கு மழையை முதலில் வாங்கிக்கொள்ளும் ஊர் உங்களுடையது. புதுச் சுவர் ஒரு வருடத்தில் உலரவும் உலராது. கட்டும்போது குடித்த தண்ணீரை அது மெல்ல மெல்லத்தான் விடும். அதற்குள் பெயின்ட் அடித்து மூடியிருப்பீர்கள்.

பீரோவை நகர்த்துங்கள். வெளிச்சுவரை ஒட்டி எதையும் வைக்கக்கூடாது. உள்சுவர்ப் பக்கம் வையுங்கள், இடமில்லை என்றால் நாலு விரற்கடையாவது தள்ளி வையுங்கள். குளிர்ந்த சுவரில் வீட்டின் ஈரக்காற்று பட்டதும் நீராக வேர்க்கிறது, பின்னால் காற்றோட்டம் இல்லாததால் அங்கேயே தங்குகிறது. எனக்கு இதைச் சொல்லித்தர ஆள் இல்லை. பீரோவை வடக்குச் சுவரோடு ஒட்டிவைத்து இரண்டு மழைக்காலத்தை ஓட்டினேன். திறந்து பார்த்தால் கூறைப்பட்டில் சாம்பல் பூத்தமாதிரி புள்ளிகள். கல்யாண ஆல்பத்தில் படங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது என் மாமனாரின் முகம் என் கையோடு வந்துவிட்டது.

புள்ளிகளை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், வீடு முழுக்கப் பறக்கும். மூக்கைக் கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். சுவர் நன்றாக உலர்ந்த பிறகு அந்தப் பகுதியில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பின் காரம் பூஞ்சைக்கு ஆகாது, சுவரும் மூச்சு விடும். பெயின்ட்டின் மேலேயே அடித்தால் உதிரும். ஈரத்துணியை அறைக்குள் கொடி கட்டிக் காயவைப்பதையும் விடுங்கள். அந்தத் தண்ணீர் எல்லாம் சுவருக்குத்தான் போகிறது. மழை மாதங்களில் வேறு வழியில்லை என்றால் ஓர் அறையில் மட்டும் காயப்போட்டு, அந்த அறைக் கதவை மூடி, ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

கே: சாமான் கட்டி வரும் ஜாதிக்காய்ப் பலகைப் பெட்டிகளை அடுக்கி அலமாரி செய்தேன். ஊரார் சிரிப்பார்கள் என்கிறார் என் கணவர். மாமியாரோ தன் பழைய ட்ரங்க் பெட்டியைக் கூடத்தை விட்டு எடுக்கவே விடமாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வது?
- வாசகி, கேத்தி

ப: பெட்டிகளை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, ஆணி துருத்தாமல் பார்த்துக்கொண்டு, சுவரோடு திருகாணியால் பிணைத்துவிடுங்கள், பிள்ளைகள் ஏறினால் கவிழும். சிரிக்க வருகிற ஊரார் அடுத்த மாதம் அளவு கேட்டு வருவார்கள்.

மாமியார் சொல்வதுதான் சரி. அந்த ட்ரங்க் பெட்டியை வெயில் விழும் ஜன்னலுக்கு அடியில் போட்டு, மேலே பஞ்சுத் திண்டு ஒன்று தைத்துவையுங்கள். வீட்டிலேயே நல்ல இருக்கை அதுதான். ஆனால் உறைக்கு எந்தத் துணி என்பதை அவரே சொல்லட்டும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். அவராகத் திறந்து காட்டுகிற நாளில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கே: வாசலில் நாலு பூச்செடி வைக்க ஆசை. நர்சரி விலை கட்டுப்படி ஆகவில்லை. பிளாஸ்டிக் பூ வைத்துக்கொள்ளலாமா?
- வாசகி, அருவங்காடு

ப: மழையில் பாசி பிடித்த பிளாஸ்டிக் ரோஜாவைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

ஜெரேனியம் பூக்காத தெரு நம் மலையில் கிடையாது. யார் வீட்டு வாசலில் நிற்கிறதோ அவர்களிடம் ஒரு சாண் நீளத்தில் கிளை கேளுங்கள். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, கொண்டுவந்ததும் நடாமல் ஒரு நாள் நிழலில் போட்டுவையுங்கள். வெட்டுவாய் உலர்ந்த பிறகு நட்டால் அழுகாது. எண்ணெய் டின்னின் அடியில் ஆணியால் ஐந்தாறு ஓட்டை போட்டு, மணல் கலந்த மண்ணை நிரப்புங்கள். தண்ணீர் கொஞ்சமாக விடுங்கள். அதிகமாக விட்டுத்தான் எல்லோரும் கொல்கிறார்கள். பனி விழும் நாட்களில் டின்னைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுங்கள்.

கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கால் கிலோ வர்க்கி வாங்கிக்கொண்டு போனால், ஒரு கிளை கேட்டவருக்கு நாலு கிளையும் ஒரு காபியும் கிடைக்கும்.