டாக்டர், கத்தி வைக்காமல் கேன்சரை எடுக்க முடியுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. நெஞ்செரிச்சலுக்காக எண்டோஸ்கோபி பார்த்தபோது, உணவுக்குழாயின் நடுப்பகுதியில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் சிவப்பாக ஒரு திட்டு இருந்தது. பயாப்சியில் ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோய் என்று வந்துவிட்டது. சிடி ஸ்கேனில் வேறெங்கும் பரவவில்லை. பெரிய ஆபரேஷன் வேண்டாம், எண்டோஸ்கோபி வழியாகவே உரித்து எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். சித்தப்பாவோ, “கேன்சர் என்றால் குழாயையே எடுத்துவிட வேண்டும், மேலோட்டமாகச் சுரண்டினால் மறுபடி வரும்” என்கிறார். அப்பாவுக்கு விழுங்குவதில் ஒரு சிரமமும் இல்லை. யார் சொல்வதைக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சித்தப்பாவின் பயம் எனக்குப் புரிகிறது. உணவுக்குழாய்ப் புற்றுநோய் என்றாலே, சாப்பாடு இறங்காமல் உடம்பு பாதியாகிப் போனவர்களைத்தான் பலரும் பார்த்திருப்பார்கள். என்னிடம் வருகிறவர்களிலும் அந்த நிலையில் வருகிறவர்களே அதிகம். விழுங்கும் சிரமம் தொடங்கும் முன்பே அப்பாவுக்குக் கண்டுபிடித்துவிட்டார்கள். இது சாதாரண விஷயம் இல்லை.

இங்கே முக்கியமான கேள்வி, நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதுதான். உணவுக்குழாயின் உட்புறம் மெல்லிய சளிச்சவ்வு. அதன் அடியில் இளக்கமான ஒரு திசு. அதற்கும் வெளியே, உணவைக் கீழே தள்ளும் தசை. ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோய், சளிச்சவ்வின் மேல்பரப்பில் உள்ள தட்டையான செல்களில் தொடங்குகிறது. அங்கேயே நிற்கும்வரை நிணநீர்க் கணுக்களுக்கு, அதாவது கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகளுக்கு, பரவுவது மிக அரிது. சவ்வின் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குப் பரவியிருக்கலாம். அதையும் தாண்டி இளக்கமான திசுவுக்குள் 200 மைக்ரானுக்கு மேல் இறங்கினால் ஆபத்து இன்னும் வேகமாக ஏறும். 200 மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அந்தத் துளி தூரத்தில் வைத்தியமே மாறிவிடுகிறது.

இந்த ஆழம் சிடி ஸ்கேனில் தெரியாது. கிள்ளி எடுத்த பயாப்சியும் இது எந்த வகை என்று சொல்லுமே தவிர, எவ்வளவு ஆழம் என்று சொல்லாது. அதனால்தான் நாங்கள் மறுபடி ஒரு எண்டோஸ்கோபி செய்து, திட்டின் மேலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுருள்களைப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். அவற்றின் வடிவத்தை வைத்து ஆழத்தை ஓரளவு கணிக்கலாம். நோயின் ஓரத்தைக் காட்டும் லூகால் அயோடின் என்ற சாயத்தையும் தெளிப்போம். நல்ல செல்களில் கிளைகோஜன் என்ற சேமித்த மாவுச்சத்து இருப்பதால் அவை பழுப்பாகச் சாயம் ஏற்கும். நோய் உள்ள இடம் ஏற்காது. தெளித்த சில நிமிடங்களில், பழுப்புக்கு நடுவே அந்த இடம் மட்டும் இளஞ்சிவப்பாகத் தனித்து நிற்கும். முதலில் மங்கலாகத் தெரிந்த ஓரம் கோடு போட்டாற்போல் தெளிவாகிவிடும். இத்தனை வருடம் ஆகியும் அந்தக் காட்சிக்கு என் கண் பழகவில்லை.

பிறகு அந்த ஓரத்துக்குச் சற்று வெளியே சுற்றிலும் புள்ளிகள் வைப்போம். திட்டின் அடியில் நீலச்சாயம் கலந்த திரவத்தை ஊசியால் ஏற்றினால் சவ்வு தசையை விட்டு மேலே எழும்பும். இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள மின்கத்தியால் சுற்றிலும் கீறி, அடியிலிருந்து உரித்து ஒரே துண்டாக எடுப்போம். 1990களின் பிற்பகுதியில் ஜப்பானில் முதலில் இரைப்பைக்காக உருவான முறை இது, இ.எஸ்.டி. என்போம். திட்டு சிறியதாக இருந்தால் வளையம் போட்டு அறுத்தெடுக்கும் இ.எம்.ஆர். போதும். அப்பாவின் திட்டு இரண்டு சென்டிமீட்டர். இந்த அளவுக்கு இ.எம்.ஆர். செய்தால் பல துண்டுகளாக வந்துவிடலாம். அதனால் நானாக இருந்தால் இ.எஸ்.டி.தான் செய்வேன். ரத்தக்கசிவு, எப்போதாவது குழாயில் ஓட்டை விழுவது போன்ற சிக்கல்கள் உண்டு. பெரும்பாலும் அவற்றை எண்டோஸ்கோபி வழியாகவே சரி செய்துவிடலாம்.

ஒரே துண்டு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. பல துண்டுகளாக வந்தால் நோயின் ஓரம் முழுதாக எடுபட்டதா என்று சரியாகச் சொல்ல முடியாது. எடுத்த துண்டை, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் அப்படியே போட்டால் சுருண்டுவிடும், ஓரத்தைப் படிக்க முடியாது. அதை ஒரு பலகையில் விரித்து, சுற்றிலும் மெல்லிய ஊசிகள் குத்தி, மேல்பக்கம் எது, கீழ்ப்பக்கம் எது என்று குறித்து அனுப்ப வேண்டும். அந்த வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. நோயியல் மருத்துவர் அதை ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் கீற்றுக் கீற்றாக வெட்டிப் பார்ப்பார்.

அந்த ரிப்போர்ட்தான் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில். ஓரங்களிலும் அடியிலும் நோய் இல்லையா, எவ்வளவு ஆழம், ரத்தக்குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ செல்கள் நுழைந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். எல்லாம் சாதகமாக இருந்தால் வைத்தியம் அங்கேயே முடிந்தது, குழாயை எடுக்கத் தேவையில்லை. ஆழம் அதிகமென்றால் ஆபரேஷனோ, கீமோவுடன் கதிர்வீச்சோ தேவைப்படும். அப்போதும் உரித்து எடுத்தது வீண் இல்லை. ஆழத்தை உறுதியாகச் சொன்னதே அந்தத் துண்டுதான்.

குழாயை எடுப்பது என்றால் வயிறு, நெஞ்சு இரண்டிலும் வேலை; பொதுவாக இரைப்பையைக் குழாய்போல் ஆக்கி மேலே இழுத்து இணைப்பார்கள். அதன் பிறகு சாப்பிடும் விதமே ஆயுளுக்கும் மாறும். தேவைப்பட்டால் நானே அதற்கு அனுப்புவேன். மேல்பரப்போடு நிற்கும் திட்டுக்கு அது வேண்டாம். சித்தப்பாவையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், படத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. என் நோயாளி ஒருவர் மூன்றாம் நாளே நன்றாகச் சாப்பிட ஆரம்பித்ததால், ரிப்போர்ட் வாங்கவே வரவில்லை. அதில் ஆழம் கூடுதலாக இருந்தது. ஆள் விட்டுத் தேடிக் கண்டுபிடித்தோம். தயவுசெய்து அப்படி விட்டுவிடாதீர்கள். சித்தப்பா சொல்வதில் ஓர் உண்மையும் இருக்கிறது: உரித்த இடத்தில் திரும்பாவிட்டாலும் மிச்சக் குழாயிலும் தொண்டையிலும் புதிதாக வரலாம். முதல் வருடம் சில மாதங்களுக்கு ஒருமுறையும், பிறகு வருடாவருடமும் எண்டோஸ்கோபி வேண்டும். அப்பாவுக்குப் புகையோ மதுவோ பழக்கம் இருந்தால், இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு இதே சிகிச்சை நடந்து மூன்று வாரம் ஆகிறது. ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. ஆனால் நாலு நாளாகக் கெட்டியான உணவு நடுவில் நிற்கிறது. புற்றுநோய் திரும்பிவிட்டதா?
– ஒரு வாசகர்

பதில்: மூன்றே வாரத்தில் நோய் திரும்பி அடைக்க வாய்ப்பில்லை. இது பெரும்பாலும் புண் ஆறும்போது தழும்பு இறுகி வரும் சுருக்கம். குழாயின் சுற்றளவில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ உரித்தவர்களுக்கு இது அடிக்கடி வரும். பலூன் வைத்து விரிப்பார்கள். ஒரே தடவையில் சரியாகாமல் சிலருக்குப் பல தடவை வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு கொடுப்பதும் உண்டு. அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். தண்ணீரே இறங்கவில்லை, நெஞ்சு வலியோடு காய்ச்சல், ரத்த வாந்தி, கறுப்பாக மலம் என்று ஏதாவது இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.