நிறம் ஏன் வெளியே கொட்டுகிறது: இரண்டாம் வகுப்பு பெயிண்ட்

வணக்கம் டீச்சர். விண்டோஸின் பெயிண்ட் ஓவிய நிரலில், நிறம் நிரப்பும் வாளிக் கருவியால் நிறம் ஊற்றினால் பக்கம் முழுக்கப் பரவுகிறது, மறுநாள் திறந்து ஊற்றினால் கோட்டோரம் வெள்ளைப் புள்ளிகள் நிற்கின்றன என்கிறீர்கள். இவை இரண்டு வேறு கோளாறுகள்.

முதலாவது, கோட்டில் இடைவெளி. ஒரே ஒரு பிக்சல், அதாவது படத்தின் மிகச் சிறிய புள்ளி, திறந்திருந்தாலும் போதும், நிறம் அதன் வழியே வெளியேறிவிடும். பெரும்பாலும் வட்டம் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேராததே காரணம். தொடங்கிய புள்ளியைத் தாண்டிச் சற்று மேலேயே இழுத்து முடிக்கச் சொல்லுங்கள். கொட்டிவிட்டால் உடனே கன்ட்ரோல் இசட் அழுத்துங்கள், ஊற்றியது திரும்பிவிடும். பிறகு கன்ட்ரோலை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டிப் பெரிதாக்கி, ஓட்டையைப் பென்சிலால் அடையுங்கள். குழந்தைகள் அழிப்பானை எடுத்துத் தேய்க்க விடாதீர்கள், கோடும் சேர்ந்து போகும்.

இரண்டாவது, படத்தை ஜேபெக் என்ற கோப்பு வகையில் சேமித்திருப்பீர்கள். கோப்பைச் சிறிதாக்க அது செய்யும் சுருக்கம் கோட்டோரத்தில் கிட்டத்தட்ட வெள்ளையான பிக்சல்களைத் தூவிவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வாளிக்கு அவை வேறு நிறம். பிஎன்ஜி என்ற கோப்பு வகையில் சேமியுங்கள். பிரஷ்ஷின் ஓரமும் மங்கலானது. கோட்டுக்குப் பென்சிலே நல்லது, தடிமனைக் கூட்டி வையுங்கள்.

ஏழு வயதுக்கு நான் பெயிண்டைவிட டக்ஸ் பெயின்ட் என்ற குழந்தைகளுக்கான ஓவிய நிரலையே சொல்வேன். இலவசம், கோப்புப் பெயர் கேட்காது. அதன் அமைப்பு நிரலில் வெளியேறும் பொத்தானை முடக்கி, ஒவ்வொரு முறையும் புதிய படமாகச் சேமிக்கும்படி வையுங்கள். ஒருவர் படத்தை இன்னொருவர் அழிக்கும் சண்டை இருக்காது. ஒலியையும் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் வகுப்பில் உங்கள் குரல் கேட்காது!